த்ரீ-கன் போட்டிக்கு எந்த ஷாட்கன்: குழாயா, பெட்டியா?

அமெரிக்காவின் த்ரீ-கன் போட்டிகளில் ரைஃபிள், கைத்துப்பாக்கி, ஷாட்கன் மூன்றையும் மாற்றி மாற்றிச் சுட வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் ரைஃபிள் ஸ்கோப்பில் பணத்தைக் கொட்டுகிறார்கள். நேரம் கரைவதோ ஷாட்கனில் தோட்டா நிரப்பும்போதுதான். அதனால் முதலில் முடிவு செய்ய வேண்டியது ஷாட்கனைத்தான்.

குழாய் மேகசின் (குழலுக்குக் கீழே தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் குழாய்) உள்ளவற்றில் பெனெல்லி எம்2, பெரெட்டா 1301 இரண்டும் போட்டிகளில் அதிகம் தென்படுபவை. துப்பாக்கி மாற்றங்களுக்குக் கட்டுப்பாடுள்ள டாக்டிகல் பிரிவில் பல போட்டிகள் தொடக்கத்தில் 9 தோட்டாவுக்கு மேல் அனுமதிப்பதில்லை. மீதியை ஓடும்போதே நிரப்ப வேண்டும். துப்பாக்கியைத் தலைகீழாகத் தோளில் சாய்த்து, இடுப்பில் மாட்டிய கேடியிலிருந்து (தோட்டா தாங்கி) 4 தோட்டாக்களை ஒரே பிடியில் அள்ளி, கட்டைவிரலால் இரண்டிரண்டாகக் குழாய்க்குள் தள்ளுவது இன்றைய வழக்கம். தேர்ந்த கை 8 தோட்டாவை 3, 4 விநாடியில் முடித்துவிடும். ஒவ்வொன்றாகத் திணிப்பவருக்கு அதைப்போல மூன்று மடங்காவது ஆகும். தவறு நடக்கும் இடம் கடைசி அரை அங்குலம். தோட்டாவின் விளிம்பு உள்ளிருக்கும் கொக்கியைத் தாண்டாவிட்டால் அது பின்னோக்கி வழிந்து வந்து துப்பாக்கியை அடைத்துவிடும். கட்டைவிரல் முழுவதும் உள்ளே போக வேண்டும். ஆலையிலிருந்து வரும் எம்2-வின் நிரப்பும் வாய் குறுகலானது, விரலைக் கடிக்கும். கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) கொடுத்து அகலப்படுத்திக்கொள்ளுங்கள்.

எம்2 இயங்குவது பின்னுதையின் விசையால். மென்மையான (விசை குறைந்த) தோட்டாவைப் போட்டாலோ, தோளில் இறுக்கமில்லாமல் பிடித்தாலோ போல்ட் (தோட்டாவை அறைக்குள் ஏற்றி மூடும் பாகம்) முழுதாகப் பின்வாங்காது. 1301 வாயுவால் இயங்குவதால் இந்தத் தொல்லை குறைவு.

பெட்டி மேகசினுக்கு சைகா-12, வெப்ர்-12 பழைய உதாரணங்கள். கட்டுப்பாடு குறைந்த ஓப்பன் பிரிவில்தான் இவற்றுக்கு இடம். மேகசினைக் கழற்றி மாட்டினால் போதும், 20 தோட்டாவுக்கு மேல் கேட்கும் ஸ்டேஜில் (போட்டியின் ஒரு சுற்றில்) இவற்றின் வேகத்துக்கு ஈடில்லை. ஆனால் 12 கேஜ் (ஷாட்கன் குழலின் அளவு) தோட்டாவின் அடியில் துருத்திய விளிம்பு உண்டு. மேலுள்ளதன் விளிம்பு கீழுள்ளதற்கு முன்னால் இல்லாவிட்டால் ஒன்றோடொன்று சிக்கும். நிரப்பியே வைத்த மேகசினில் பிளாஸ்டிக் உறை நசுங்கி நீள்வட்டமாகும், அறைக்குள் ஏறாது. நிரப்புவதைப் போட்டியன்று காலையில் வைத்துக்கொள்ளுங்கள். சைகாவில் வாயு அளவைக் கட்டுப்படுத்தும் திருகில் 1 கனத்த தோட்டாவுக்கு, 2 மென்மையானதற்கு. பேர்ட்ஷாட் (சிறு குண்டுகள் நிறைந்த தோட்டா) சுடும்போது 1-இல் விட்டிருந்தால் காலி உறை வெளியேறும் வாயிலேயே மாட்டிக்கொள்ளும். உதிரிபாகமும் யோசிக்க வேண்டிய விஷயம்: இவற்றைச் செய்த ரஷ்ய நிறுவனங்கள் மீது அமெரிக்கா 2014-இலும் 2017-இலும் தடை விதித்தது.

தொலைவிலுள்ள தகட்டுக்கு ஸ்லக் (ஒற்றைப் பெரிய குண்டுள்ள தோட்டா) தேவைப்படும்போது குழாய்த் துப்பாக்கி முந்துகிறது. எம்2-வில் போல்ட்டை இழுத்தால் அறையிலுள்ள பேர்ட்ஷாட் வெளியேறும், குழாயிலுள்ளது தானாக இறங்காது. உறை வெளியேறும் திறந்த வாயில் ஒரு ஸ்லக்கைப் போட்டு மூடலாம். பெட்டியில் மேகசினையே மாற்றியாக வேண்டும், அறையிலிருப்பதையும் வெளியேற்ற வேண்டும்.

எங்கள் தேர்வு: முதல் இரண்டு ஆண்டுக்கு 1301. தினமும் 15 நிமிடம் டம்மி (மருந்தில்லாத) தோட்டாவால் நிரப்பிப் பழகினால் பெட்டியின் சாதகத்தில் பெரும்பகுதி மறைந்துவிடும். ஓப்பனுக்குப் போகிறவர், போட்டியில் சுடப்போகும் அதே தோட்டாவில் 100-ஐ எல்லா மேகசின்களிலும் போட்டுச் சுட்டுப் பார்க்கட்டும். ஒருமுறையாவது தோட்டா சிக்கிய மேகசினில் அடையாளமிட்டு வீட்டில் வைத்துவிடுங்கள்.

எதை எடுத்தாலும், அடுத்த துப்பாக்கிக்கு மாறுமுன் ஷாட்கனை அதற்கென ஸ்டேஜில் வைத்திருக்கும் தொட்டியில் வைக்கும்போது அது காலியாக இருக்க வேண்டும், அல்லது சேஃப்டி போட்டிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அன்றைய போட்டியிலிருந்து வெளியேற்றிவிடுவார்கள்.