இங்க்ஜெட்டா, லேசரா?
வீட்டுக்குப் பிரிண்டர் என்றால் விலையைப் பார்த்து இங்க்ஜெட் பக்கம்தான் கை போகும், ஆனால் மாதத்துக்கு நாலு பக்கம் எடுக்கிற வீட்டில் அதைப்போலத் தொல்லை வேறில்லை: சும்மா கிடந்தால் மை, அதைத் தாளில் தெளிக்கிற ஹெட்டிலேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும், அதைச் சுத்தம் செய்ய இன்னும் கொஞ்சம் மை போகும், சில மாடல்களில் ஒரு கலர் தீர்ந்தால் கறுப்பு எழுத்துகூட வராது (ஆதார் நகலுக்கு மஞ்சள் மை எதற்கோ!).

லேசரில் இருப்பது டோனர் பொடி. காயாது. பல மாதம் கழித்துப் போட்டாலும் எழுத்து பளிச்சென்று வரும். வாங்கும்போது விலை கூடுதல்தான், அப்புறம் உள்ளே உருளையைச் சூடாக்க மின்சாரத்தை ஒரேயடியாக இழுப்பதால் சின்ன இன்வெர்ட்டர் தாங்காது.

போட்டோவுக்கு இங்க்ஜெட்தான், சரி. ஹால் டிக்கெட், படிவம் மட்டுமென்றால் கறுப்பு வெள்ளை லேசரையே வாங்குங்கள், கலர் தேவைப்படும் அன்றைக்குத் தெருமுனை ஜெராக்ஸ் கடை இருக்கிறது.