7,400 ரூபாய் வாங்கிக்கொண்டு மாற்றாத வைஃபை கார்டு: செயலி வழியாக ஆளை அழைப்போர் கவனத்திற்கு

நேற்றிரவுதான் எனக்கு முழு விவரமும் விளங்கியது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். வீட்டுக்கே ஆளனுப்பிப் பழுதுபார்த்துத் தரும் ஒரு கைப்பேசிச் செயலியை நம்பி, லேப்டாப் பழுதுக்கென்று 7,400 ரூபாயை இழந்திருக்கிறேன். செயலியின் பெயரை இங்கே சொல்லவில்லை. குழாய் மாற்றுவது முதல் கழிவறை கழுவுவது வரை எல்லாவற்றுக்கும் ஆள் தருகிற வகை என்றால் புரிந்துகொள்வீர்கள்.

நங்கநல்லூரில் எங்கள் வீடு நீளவாட்டில் கட்டியது. வாசல் அறை ரவுட்டரின் சிக்னல் பின்கட்டுக்கு எட்டாததால், இந்த மாதம் 5ஆம் தேதி மூன்று பெட்டிகள் கொண்ட மெஷ் வைஃபை வாங்கி, கூடத்தில் ஒன்றும் சமையலறை வாசலில் ஒன்றும் பின்னறையில் ஒன்றுமாக வைத்தோம். கைப்பேசிகளும் தொலைக்காட்சியும் உடனே இணைந்துகொண்டன. 2016இல் வாங்கிய என் லேப்டாப்பில் மட்டும், அக்கம்பக்கத்து வீட்டு வைஃபை பெயர்கள் வரிசையாகத் தெரிந்தபோதும், இரண்டடி தள்ளியிருந்த எங்கள் பெட்டியின் பெயரே பட்டியலில் வரவில்லை. சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவன் நான். 11ஆம் தேதிக்குள் அவர்களுடைய விற்பனை விவரங்களை ஜி.எஸ்.டி.ஆர். 1 என்ற வரிப் படிவத்தில் தாக்கல் செய்தாக வேண்டும். கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து இரண்டு நாள் வேலை பார்த்தேன். டேட்டா தீர்ந்துவிடுமோ என்ற கவலையில் 299 ரூபாய் கட்டிச் செயலியில் பதிவு செய்தேன்.

8ஆம் தேதி காலை ஓர் இளைஞர் வந்தார். கழுத்தில் அடையாள அட்டை. காலணியை வாசலிலேயே கழற்றிவிட்டு, அனுமதி கேட்டுத்தான் உள்ளே வந்தார். லேப்டாப்பில் கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து ஏதோ தட்டினார். எழுத்துகள் மளமளவென்று ஓடின. "கார்டு போயிடுச்சு சார், மதர்போர்டுலயும் ஒரு ஐ.சி. அடிவாங்கியிருக்கு" என்றார். லேப்டாப்புக்குள் வைஃபை சிக்னலைப் பிடிக்கிற பாகம்தான் அந்தக் கார்டு. "நேற்றுகூட ஹாட்ஸ்பாட்டில் நன்றாக வேலை செய்ததே தம்பி" என்று நான் கேட்காமலில்லை. "அது கடைசி மூச்சு சார், ரெண்டு நாள்ல அதுவும் நின்னுடும்" என்று சிரித்தார். பிறகு மேசையிலிருந்த என் பேரேட்டைப் பார்த்து, "எங்கப்பாவும் கணக்கு எழுதுறவர்தான் சார்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்தேன். செயலி மூலம் கட்டினால் 8,000, நேரடியாகக் கொடுத்தால் 7,400 என்று அவர் சொன்னபோது, 600 ரூபாய் மிச்சமென்று என் மனம் சபலப்பட்டதையும் மறைப்பதற்கில்லை. அவர் நீட்டிய கைப்பேசியை ஸ்கேன் செய்து பணத்தை அனுப்பினேன். லேப்டாப்பை எடுத்துச் சென்றார்.

12ஆம் தேதி மாலை திருப்பிக் கொண்டுவந்தவர், தம்முடைய கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் இணைத்து ஒரு வீடியோவை ஓட்டிக் காட்டிவிட்டுப் புறப்பட்டார். அவர் எடுத்துச் செல்வதற்கு முன்பும் ஹாட்ஸ்பாட்டில் ஓடிய லேப்டாப்தானே என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. எங்கள் மெஷ் பெயர் அப்போதும் பட்டியலில் இல்லை. அழைத்துக் கேட்டதற்கு, "பெட்டியிலதான் கோளாறு, வாங்கின இடத்துல கேளுங்க" என்றவர், அதன்பின் அழைப்பை எடுக்கவேயில்லை.

செயலியின் உதவிப் பிரிவு அரட்டையில் நான்கு முறை வருத்தம் தெரிவித்தது. பிறகு புகாரைத் 'தீர்க்கப்பட்டது' என்று குறித்து மூடிவிட்டது. மீண்டும் எழுதியபோது ஒரு பெண்மணி தொலைபேசியில் பேசினார்: நான் பதிந்தது 299 ரூபாய்ப் பரிசோதனை மட்டுமே, அது முடிந்துவிட்டது, வெளியே கொடுத்த பணத்துக்கு அவர்கள் பொறுப்பல்ல. 7,400 ரூபாய்க்கு ஈடாக, அடுத்த சேவைக்கு 100 ரூபாய்த் தள்ளுபடிக் கூப்பன் தந்தார்கள். கழிவறை கழுவும்போது பயன்படுமாம்.

நேற்றிரவு, திருச்சியில் இருக்கும் என் தங்கை மகன் பேச்சுவாக்கில் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஹாட்ஸ்பாட் வருதுன்னா கார்டு நல்லாத்தான் இருக்கு மாமா" என்றான். அந்தக் காலத்து வைஃபை கார்டுகள் சிலவற்றில் டிரைவர் (கார்டை இயக்கும் மென்பொருள்) பழையதாக இருந்தால், எங்களுடையது போன்ற புதிய வைஃபை 6 வகைப் பெட்டி தன்னை அறிவிக்கும் முறை அதற்குப் புரியாது. புரியாததால் பெயரையே காட்டாது. லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புதிய டிரைவரை ஹாட்ஸ்பாட் வழியாகவே இறக்கி நிறுவச் சொன்னான். மறுபடி இயக்கியதும் பெயர் வந்தது, ஆனால் கடவுச்சொல்லை ஏற்கவில்லை. மெஷ் செயலியில் கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ. 3 மட்டும் என்றிருந்ததை, அதற்கு முந்தைய டபிள்யூ.பி.ஏ. 2 என்று மாற்றியவுடன் இணைந்துவிட்டது. நடுவில் காப்பி குடித்ததையும் சேர்த்து 25 நிமிடம், செலவு ஒன்றுமில்லை.

என் வயிறு எரிந்தது அதற்குப் பிறகுதான். பழைய ரவுட்டரில் தெரிந்த கருவிகளை மட்டும் அனுமதிக்கும் வசதியைப் போட்டிருந்தபோது, லேப்டாப் கார்டின் 12 எழுத்து மேக் முகவரியை, அதாவது ஒவ்வொரு கார்டுக்கும் தனித்தனியாக உள்ள அடையாள எண்ணை, பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்திருந்தேன். இப்போது திரையில் தெரிவதோடு ஒப்பிட்டேன். ஓர் எழுத்துகூட மாறவில்லை. புதிய கார்டு போட்டிருந்தால் இது மாறியிருக்க வேண்டும். லேப்டாப்பைக் கவிழ்த்துப் பார்த்தால், திருகுக் குழிகளில் படிந்திருந்த பழைய தூசும் அப்படியே இருக்கிறது. திறக்கவேயில்லாத லேப்டாப்புக்கு 7,400 ரூபாய்!

இன்று காலை தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகாரைப் பதிந்தேன். செயலியின் குறைதீர்ப்பு அலுவலருக்கும் பேரேட்டிலும் திரையிலும் உள்ள மேக் முகவரிகளின் படத்தோடு எழுதியிருக்கிறேன். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதை உறுதிசெய்தாக வேண்டும்.

விரிவாக யோசனைகள் எழுத நினைத்தேன், நேரமில்லை. ஆளை அழைக்குமுன் லேப்டாப்பை ஒரு ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். மேக் முகவரியைக் குறித்துக்கொள்ளாமல் லேப்டாப்பை வெளியே அனுப்பாதீர்கள். பழைய பாகத்தைக் கையில் கேட்டு வாங்குங்கள். எவ்வளவு குறைத்தாலும் செயலிக்கு வெளியே பணம் கொடுக்காதீர்கள். 11ஆம் தேதி தவறியதால் என் கடைக்காரர்களிடம் சரக்கு எடுத்தவர்களின் 2பி பட்டியலில் (வாங்கிய சரக்குக்கான ஜி.எஸ்.டி. வரவைக் காட்டுவது) பில்கள் ஏறவில்லை. காலையிலிருந்து அவர்களுடைய அழைப்புகள்தான் வந்துகொண்டிருக்கின்றன.