ஜாவா, கோ மொழிகளின் த்ரெட் நிறுத்தம்: லினக்ஸில் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

லினக்ஸ் சர்வர்களில் ஜாவா சேவைகளையும் கோ மொழிச் சேவைகளையும் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். குப்பை சேகரிப்பு (பயன்பாடு முடிந்த நினைவகத்தை மொழியே மீட்பது) என்றதும் எந்தச் சேகரிப்பான் வேகமானது என்பதே பேச்சாக இருக்கும். என்னை அதிகம் படுத்தியது வேறு: சேகரிப்பு தொடங்குமுன், நிரலுக்குள் இணையாக ஓடிக்கொண்டிருக்கும் வேலை இழைகளான த்ரெட்கள் அனைத்தும் நிற்கும்வரை காத்திருக்கும் நேரம்.

விண்டோஸில் ஒரு த்ரெட்டை நிறுத்திவைக்க ‘சஸ்பெண்ட்த்ரெட்’ இருக்கிறது. மேக் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலிலும் அத்தகைய அழைப்பு உண்டு. லினக்ஸில் ஒரு நிரல் தன் த்ரெட் ஒன்றை மட்டும் நிறுத்த நேரடி அழைப்பே கிடையாது. ‘சிக்ஸ்டாப்’ என்ற சிக்னலை (கெர்னல் வழியாக நிரலுக்குப் போகும் அறிவிப்பு) அனுப்பினால் மொத்த நிரலும் நின்றுவிடும். அதனால் ஒவ்வொரு மொழியும் தனக்கென்று ஒரு வழி தேடிக்கொண்டது. சி நிரல்களுக்கான போஹம் சேகரிப்பான், மின்வழங்கல் கோளாறைத் தெரிவிப்பதற்காக ஒதுக்கப்பட்ட சிக்னலை எடுத்துக்கொண்டது.

ஜாவா நிரல்களை ஓட்டும் ஹாட்ஸ்பாட், த்ரெட்களைத் தாமாகவே நிற்கவைக்கிறது. நிரலின் குறிப்பிட்ட இடங்களில், அதாவது சேஃப்பாயின்ட்களில், ஒவ்வொரு த்ரெட்டும் ஒரு நினைவகப் பக்கத்தைத் தொட்டுப் பார்க்கும். நிறுத்த வேண்டிய வேளையில் அதற்குப் பதில் அனுமதியில்லாத பக்கம் ஒன்று காட்டப்படும். தொடும் த்ரெட் பிழை சிக்னலில் மாட்டி நிற்கும். சாதாரண ஓட்டத்தில் இதற்குச் செலவு மிகக் குறைவு. அருமையான ஏற்பாடு. ஆனால் எண்ணிக்கை தெரிந்த நீண்ட லூப்களுக்குள் இந்தச் சோதனை வைக்கப்படாததால், ஒரே ஒரு லூப் எல்லோரையும் காக்கவைக்க முடிந்தது. 2018இல் வந்த ஜாவா பதிப்பான ஜேடிகே 10, ஜி1 சேகரிப்பானோடு லூப்பைத் துண்டுகளாக்கி ஓட்டத் தொடங்கிய பிறகு இந்தத் தொல்லை பெரிதும் அடங்கியது.

அடங்காத தொல்லை ஒன்று உண்டு. சாதாரண ‘ரீட்’ அழைப்பில் காத்திருக்கும் த்ரெட்டுக்காக ஜாவா நிற்பதில்லை. அந்த த்ரெட் கெர்னலுக்குள் போயிருக்கிறது என்று ஜாவாவுக்குத் தெரியும். கோப்பை நினைவகத்தில் இணைத்துப் படிக்கும்போது கதை மாறுகிறது. தேவையான பக்கம் நினைவகத்தில் இல்லையென்றால் கெர்னல் வட்டிலிருந்து எடுத்துவரும். ஜாவாவின் கணக்கிலோ அந்த த்ரெட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வட்டு திணறினால் மற்ற த்ரெட்கள் எல்லாம் நின்றபடி அதற்காகக் காத்திருக்கும். சேகரிப்பு லாக்கை மட்டும் பார்ப்பவருக்கு இது பிடிபடாது. சேஃப்பாயின்ட் லாக்கையும் இயக்குங்கள். அதில் த்ரெட்கள் நிற்க எடுத்த நேரம் தனியாகத் தெரியும். தாமதத்தைப் பொறுக்காத சேவைகளில் கோப்புகளைச் சாதாரண ‘ரீட்’ வழியாகவே படிக்கிறோம்.

கோ மொழி 1.13 வரை ஃபங்ஷன் அழைப்புகளின் தொடக்கத்தில்தான் நிற்கும். அழைப்பே இல்லாத இறுக்கமான லூப் ஒன்று போதும், முழு நிரலும் முடங்கிவிடும். 2020 பிப்ரவரியில் வந்த 1.14 இதை மாற்றியது: நிற்காத த்ரெட்டுக்கு ‘சிக்அர்ஜ்’ சிக்னல் அனுப்பி வழிமறிக்கிறது. நல்ல தேர்வு. சாக்கெட்டில் அவசரத் தரவு வந்ததைச் சொல்லும் அந்தச் சிக்னலைப் பயன்படுத்துவோர் மிகக் குறைவு. கையாளாமல் விட்டாலும் தீங்கில்லை. விண்டோஸில் இதே வேலைக்கு ‘சஸ்பெண்ட்த்ரெட்’டைப் பயன்படுத்துகிறது.

இதற்கும் விலை உண்டு. கெர்னல் அழைப்புகளை நேரடியாகச் செய்யும் நிரல்களில் ‘இடையில் தடைபட்டது’ என்ற பிழை கூடுதலாக வரும். மறுபடி முயலும் வரிகளை நாமே எழுத வேண்டும். கெர்னல் அழைப்புகளையும் சிக்னல்களையும் காட்டும் ‘எஸ்ட்ரேஸ்’ கருவியின் வெளியீடு முழுக்க இந்தச் சிக்னலாக இருக்கும். அப்படியிருந்தும் எனக்குக் கோ மொழியின் வழிதான் பிடித்திருக்கிறது, ஒரு லூப் மற்றவர்களைப் பிணைக்கைதியாக்க முடியாது என்பதால். வட்டுக்காகக் காத்திருக்கும் த்ரெட்டிடம் மட்டும் சிக்னலும் பலிப்பதில்லை. பக்கம் வந்து சேர்ந்த பிறகே அது சிக்னலைக் கவனிக்கும்.

நிரல்களை ஓட்டும் இத்தகைய ரன்டைம்களுக்குக் கைகொடுக்கும், த்ரெட்களுக்கிடையே நினைவக வரிசையை உறுதிசெய்யும் ‘மெம்பேரியர்’ அழைப்பை லினக்ஸ் 2015இலேயே சேர்த்தது. த்ரெட்டை நிறுத்தி அதன் ரெஜிஸ்டர்களை (செயலி கையில் வைத்திருக்கும் மதிப்புகள்) படித்துத் தரும் ஓர் அழைப்பையும் சேர்க்க வேண்டும். அது வரும்வரை, புதிய சேவை எதையும் நேரடிப் பயன்பாட்டுக்கு விடுமுன் வட்டை வேண்டுமென்றே மெதுவாக்கி, த்ரெட்கள் நிற்க எவ்வளவு நேரமாகிறது என்று அளந்து பார்த்துவிடுகிறேன்.