வரகா, குதிரைவாலியா: எதில் இன்னும் எவ்வளவு காட்டுப் புல் குணம் மிச்சம்?

பேரையூர்ப் பக்கம் கண்மாய்ப் பாசன வயலில் எந்தப் புல்லைக் கண்டதும் பிடுங்கி வரப்பில் வீசுகிறோமோ, அதன் பிள்ளையைத்தான் நாலு எட்டுத் தள்ளி மானாவாரிக் கரிசலில் விதைத்து வைத்திருக்கிறோம். குதிரைவாலிக்கு மூதாதை நெல்வயலில் நிற்கும் அந்தக் களைப்புல்தான். கதிர் வெளிவரும் முன் நெல்லையும் களையையும் பிரிக்க என் அம்மா ஓர் அடையாளம் காட்டிக் கொடுத்தார்: நெல்லின் இலை தண்டைத் தழுவும் இடத்தில் நாக்கு மாதிரி வெள்ளைச் சவ்வு நிற்கும், களையில் அது இருக்காது.

வரகும் ஈர நிலத்துப் புல்தான். நெல்வயலில் களையாக நின்றது. தினை சீனத்திலிருந்தும் கேழ்வரகு ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்தவை. வரகும் குதிரைவாலியும், கூடவே சாமையும், இந்த நாட்டிலேயே பயிரானவை.

காட்டுப் புல் முற்றியதும் மணியை உதிர்த்துவிடும். அப்படி உதிர்த்தால்தான் அதற்கு அடுத்த தலைமுறை. மனுசன் அரிவாளால் கதிரை அறுத்துக் களத்துக்குச் சுமந்தபோது, உதிர்ந்தது நிலத்திலேயே கிடந்தது, ஒட்டி நின்றது வீடு வந்தது. அடுத்த பட்டத்துக்கு அதுவே விதை. எத்தனையோ தலைமுறை இப்படியே அறுத்து விதைத்ததில் உதிராத குணம் நிலைத்தது. யாரும் யோசித்துச் செய்ததில்லை.

இந்த வழியில் குதிரைவாலி வெகுதூரம் வந்துவிட்டது. மதுரை வேளாண்மைக் கல்லூரி 2018இல் வெளியிட்ட ‘மதுரை 1’ ரகம் 95 முதல் 100 நாளில் அறுவடைக்கு வரும். புரட்டாசி மழைக்கு விதைத்தால் பொங்கலுக்கு முன் களம் நிறையும். தட்டையை மாடு விரும்பித் தின்னும்.

வரகு இன்னும் முழுசாகப் பணியவில்லை. நாலு மாசம் எடுக்கும். காட்டு வரகோடு இன்றும் கலக்கும். ஒரு மணி முற்றி உதிரக் காத்திருக்கும்போது பக்கத்து மணி பச்சையாக இருக்கும். உமி இறுகப் பிடித்திருப்பதால் உரலில் குத்துவதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். ஆனால் அந்த உமிதான் அதை வருசக்கணக்கில் கெடாமல் காக்கிறது. கோபுரக் கலசத்துக்குள் வரகு இடுவது சும்மா இல்லை.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். அறுப்புச் சமயம் மழை பிடித்தால் வரகில் பூஞ்சை ஏறும், தின்றால் கிறுகிறுக்கும், உயிருக்கே கூட ஆகாது. 2024 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்துப் பாந்தவ்கரில் 10 யானைகள் செத்தது பூஞ்சை ஏறிய வரகால்தான் என்று சோதனைகள் காட்டின. நனைந்த வரகை நான் மாட்டுக்குக்கூடப் போடமாட்டேன்.

ஒரே ஏக்கர் வைத்து மழையை நம்பியிருப்பவருக்கு என் யோசனை குதிரைவாலிதான். கொஞ்சம் செம்மண் மேடும் இருந்தால் அங்கே துவரையோடு வரகு போடுங்கள், தானியக் குலுக்கையில் கிடக்கட்டும். விதைக்கு எடுக்கும்போது கதிரை உள்ளங்கையில் லேசாகத் தட்டிப் பாருங்கள். மணி விழாத கதிரை மட்டும் தனியாகக் கட்டி வையுங்கள்.