அண்ணனின் புராஸ்டேட் அறுவை சிகிச்சை: விடுப்பில் உடனிருந்து கண்டவை

இம்முறை விடுப்பில் சென்றிருந்த ஆறு வாரங்களில், அறுபது வயதான என் அண்ணனுக்கு புராஸ்டேட் (ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) புற்றுநோய்க்கான அறுவை சிகிச்சை நடந்தது. பரிசோதனைகளின் வேகத்திலோ அறுவையின் தரத்திலோ எனக்குக் குறையில்லை. அறுவைக்குப் பின் தாம்பத்தியம் என்னவாகும் என்ற பேச்சு எங்கே எழுந்தது, எங்கே எழாமல் போனது என்பதை மட்டும் அவருடைய சம்மதத்துடன் எழுதுகிறேன்.

முதல் சந்திப்பில் அந்தப் பேச்சே எழவில்லை. பிஎஸ்ஏ அளவு (புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை), பயாப்சி எனும் திசுச் சோதனை முடிவு, எம்ஆர்ஐ படம், அறுவைக்குப் பின் வரக்கூடிய சிறுநீர்க் கசிவு எல்லாம் விளக்கப்பட்டன. ஒப்புதல் படிவத்தில் விறைப்புக் குறைபாடு வரலாம் என்று ஒரு வரி இருந்தது. அதை யாரும் வாய்விட்டுப் படிக்கவில்லை. அண்ணனும் கேட்கவில்லை. தம்பியாகிய நான் அருகில் அமர்ந்திருந்ததே அவர் வாயைக் கட்டியிருக்க வேண்டும் என்று பிறகு உணர்ந்து, அடுத்த முறை நான் வெளியே இருந்துகொண்டேன். அண்ணி உள்ளே சென்றார். கேட்டதும் அவர்தான்.

கேட்ட பிறகு மருத்துவர் சிறிதும் தயங்கவில்லை. விறைப்புக்கான நரம்புகள் புராஸ்டேட்டின் இரு பக்கமும் பின்புறமாக ஒட்டிக்கொண்டு மெல்லிய கற்றைகளாக ஓடுவதைத் தாளில் வரைந்து காட்டினார். முன்பெல்லாம் அவற்றின் பாதை தெரியாமலேயே சுரப்பியோடு சேர்த்து அறுத்துவிடுவார்கள். 1981-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த பீட்டர் டோங்கரும் அமெரிக்காவைச் சேர்ந்த பேட்ரிக் வால்ஷும் அந்தப் பாதையைக் கண்டறிந்தனர். மறு ஆண்டே வால்ஷ் நரம்புகளைக் காக்கும் நோக்கத்துடன் அறுவை செய்தார். ஆனால் புற்று நரம்பை ஒட்டி இருந்தால் அந்தப் பக்கத்து நரம்பை விட்டுவைப்பது நோயையே விட்டுவைப்பதாகிவிடலாம். அண்ணனுக்கு இடப்பக்க நரம்பை முழுமையாகவும் வலப்பக்கத்தில் ஒரு பகுதியையும் காக்கலாம் என்று எம்ஆர்ஐ படத்தை வைத்து முடிவு செய்தார்கள். வயது, அறுவைக்கு முன் இருந்த விறைப்பின் தரம், சர்க்கரை நோய், புகைப்பழக்கம், அறுவை செய்பவரின் அனுபவம் ஆகிய எல்லாமே பலனைத் தீர்மானிக்கின்றன என்றும், ரோபோட்டிக் கருவி மட்டும் எதற்கும் உறுதி தராது என்றும் வெளிப்படையாகவே சொன்னார். அந்த நேர்மைக்காகவே அவர் மீது எனக்கு மதிப்பு கூடியது.

விந்து இனி வெளிவராது, ஆனால் உச்ச உணர்வு இருக்கும் என்பதும் அன்றுதான் அவர்களுக்குத் தெரிந்தது. விந்து நீரின் பெரும்பகுதியைச் சுரக்கும் சுரப்பிகளையும் புராஸ்டேட்டோடு அகற்றிவிடுவதால் அப்படி ஆகிறது. இதை அறியாமல் அறுவைக்குப் போயிருந்தால், முதல் முறை அது நேரும்போது ஏதோ கெட்டுவிட்டது என்றே அண்ணன் நினைத்திருப்பார்.

சேவையில் பெரிய குறையை வீடு திரும்பும் நாளில் கண்டேன். மருத்துவமனை கொடுத்த தாளில் கதீட்டர் (சிறுநீர் வெளியேறப் பொருத்திய குழாய்) எடுக்கும் நாளும் அடுத்த பிஎஸ்ஏ சோதனை நாளும் இருந்தன. இந்த விஷயத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. மீண்டும் நேரம் கேட்டு வாங்கிய பிறகே கதீட்டர் எடுத்தபின் தினமும் குறைந்த அளவு டடலாஃபில் என்ற விறைப்புக்கு உதவும் மாத்திரை எடுக்கவும், காற்றை உறிஞ்சி ரத்தத்தை உறுப்புக்குள் இழுக்கும் வெற்றிடப் பம்ப்பைப் பயன்படுத்தவும் சொன்னார்கள். காக்கப்பட்ட நரம்பும் அறுவையின்போது இழுபட்டு, மாதக்கணக்கில் மரத்துக் கிடக்கும். அந்தக் காலத்தில் இரவில் தானாக ஏற்படும் விறைப்பும் நின்றுவிடுவதால் திசுவுக்கு உயிர்வாயு குறைந்து அது இறுகத் தொடங்கும். அதைத் தடுக்கவே இந்த முயற்சி. தானாக விறைப்பு திரும்புவதை இது உறுதிப்படுத்தும் என்று ஆய்வுகள் தெளிவாகக் காட்டவில்லை என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர்கள் டடலாஃபில் எடுக்கவே கூடாது என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னார்கள்.

பம்ப்பை விளக்கமில்லாமல் பெட்டியோடு கொடுத்துவிட்டார்கள். கேட்டதும் ஓர் ஆண் செவிலியர் தனியறையில் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். விறைப்பு நிற்க உறுப்பின் அடியில் மாட்டும் வளையத்தை முப்பது நிமிடத்துக்கு மேல் விடக் கூடாது என்பது அவர் சொல்லித்தான் தெரியும். மாத்திரையும் பம்ப்பும் போதாதபோது ஊசி மருந்து உண்டு, அதற்கும் மேல் உள்ளே பொருத்தும் செயற்கைக் கருவி உண்டு என்பதையும் அவரே சொல்லிவைத்தார்.

நான் விமானம் ஏறும்போது அண்ணனுக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. தேற ஒன்றரை ஆண்டு, இரண்டு ஆண்டுகூட ஆகலாம் என்று முன்பே சொல்லியிருந்ததால் அவர் கலங்கவில்லை. மூன்றாம் மாதச் சந்திப்புக்கு அண்ணியும் உடன் செல்கிறார். கேட்க வேண்டியவற்றை இருவரும் சேர்ந்து ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார்கள்.