உருபு அட்டைகளோடு வரும் சொல் பெட்டி: வாக்கியம் அமைக்கப் பழக்குகிறதா?

கொடுத்த சொற்களைக் கோத்து வாக்கியம் அமைக்கப் பழக்கும் அட்டைப் பெட்டிகளில் 'நூலகத்தில்', 'புத்தகத்தை', 'தேடினான்' என்று எல்லாமே உருபோ விகுதியோ ஏற்று முடிந்த சொற்களாகத்தான் பெரும்பாலும் இருக்கும். வினைமுற்றைக் கடைசியில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது. தமிழ் வாக்கியத்தைத் தாங்கிப் பிடிக்கும் 'இல்', 'ஐ' போன்ற உருபையும் 'ஆன்' போன்ற விகுதியையும் பிள்ளை தொடுவதே இல்லை. இந்தப் பெட்டி அந்தக் குறையைத் தீர்க்கப் பார்க்கிறது. மொத்தம் 96 அட்டைகள்: பெயர் 36, வினை 20, 'புதிய' போன்ற அடை 12, தனியாக உருபும் விகுதியும் 28.

பெயர் அட்டைகள்தான் இதன் பலம். முன்பக்கம் 'மரம்', பின்பக்கம் 'மரத்து'. அப்படியே வீடு – வீட்டு, ஆறு – ஆற்று, நான் – என். உருபு சேர்க்கும்போது அட்டையைத் திருப்பியாக வேண்டும். திருப்ப மறந்த பிள்ளை 'வீடை', 'ஆறில்' என்று எழுதுகிறது. திருப்பியதும் 'வீட்டை', 'ஆற்றில்' தானாக வந்துவிடுகிறது. சாரியை ('மரத்து' என்பதில் வரும் 'அத்து'), ஒற்று இரட்டித்தல் ('வீடு' 'வீட்டு' ஆவது) என்ற பெயர்களைச் சொல்லாமலே அவை கைக்குப் பழகிவிடுகின்றன. இந்த ஒன்றுக்காகவே பெட்டியை வாங்கலாம்.

வினை அட்டைகளில் அந்தக் கவனம் இல்லை. 'வா' அட்டையின் பின்பக்கத்தில் வந்த், வருகிற், வருவ் என மூன்று வடிவங்கள் உள்ளன. அவற்றோடு ஆன், ஆள், ஆர், அது, அன, ஏன் ஆகிய விகுதிகளைச் சேர்க்க வேண்டும். உயர்திணைக்குச் சிக்கலே இல்லை. அஃறிணைக்கு இரண்டு இடத்தில் இடறுகிறது. 'வருவ்' உடன் 'அது' சேர்த்தால் 'நாளை பேருந்து வருவது' என்று வாக்கியம் முடியாமல் தொங்கும். அங்கே 'வரும்' என்பதே சரி. 'வருகிற்' உடன் 'அன' சேர்த்தால் 'வருகிறன' என்று இல்லாத சொல் பிறக்கும், வேண்டியது 'வருகின்றன'. கையேட்டில் இரண்டுக்கும் எச்சரிக்கை இல்லை. 'வரும்', 'வருகின்றன' என்பவற்றைத் தனிச் சீட்டுகளில் எழுதி அந்த அட்டையோடு வைத்துவிடுங்கள். மற்ற வினைகளுக்கும் இப்படியே செய்ய வேண்டியிருக்கும்.

கையேட்டின் பெரிய குறை, ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரே விடை தருவது. நேற்று, அண்ணன், நூலகத்தில், புத்தகத்தை, தேடினான் என்ற ஐந்தில் வினையைக் கடைசியில் நிறுத்தினால் மற்ற நான்கையும் 24 விதமாக அடுக்கலாம். எதுவும் பிழையில்லை; அழுத்தம்தான் மாறும். 'புத்தகத்தை நேற்று நூலகத்தில் அண்ணன் தேடினான்' என்றால் தேடியது அண்ணன்தான், வேறு யாருமில்லை என்று காதில் விழும். வினைக்கு முன்னால் ஒட்டி நிற்கும் சொல்லுக்கு அந்த வலு உண்டு. இதைச் சொல்லித்தர அருமையான வாய்ப்பு இருந்தும், கையேடு 23 விடைகளைத் தவறாக்கிவிடுகிறது.

இந்த இடமாற்றத்துக்கு 'ஐ' துணை வேண்டும். 'அண்ணன் புத்தகம் தேடினான்' என்று உருபில்லாமலும் சொல்லலாம். அப்போது 'புத்தகம்' வினையை விட்டு விலகினால் வாக்கியம் தடுமாறும். 'புலி மான் துரத்தியது' என்பதில் யார் யாரைத் துரத்தியது? 'மானை' என்றதும் தெளிவாகிறது. உயர்திணைச் செயப்படுபொருளுக்கு 'ஐ' கட்டாயம். இவ்வளவு வேலை செய்யும் உருபுக்குப் பெட்டியில் 3 அட்டைகள்தான். இரண்டு பேர் சேர்ந்து பழகவே 6 வேண்டும்.

அடைகளை வைத்துப் பழக்கும்போது 'புதிய ஆசிரியரின் புத்தகம்', 'ஆசிரியரின் புதிய புத்தகம்' இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். எது புதியது என்று பிள்ளையே சொல்லும்.

பழக்கும் முறையையும் கொஞ்சம் மாற்ற வேண்டும். எழுவாயில் தொடங்கச் சொல்கிறது கையேடு. முதலில் வினையை எடுப்பதே நல்லது. 'கொடு' என்று எடுத்ததும் யார், யாருக்கு, எதை என்ற மூன்று கேள்விகளும் வந்து நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர்; யாருக்கு, எதை என்ற இரண்டுக்கும் கூடவே ஒரு உருபு. எழுவாய் முடிவானதும் வினை விகுதியை அதற்கு ஏற்பப் பொருத்துங்கள். 'மரங்கள் விழுந்தது' என்ற பிழை அங்கேயே பிடிபடும். தொடக்கத்தில் மூன்று சொல் போதும். ஐந்துக்கு மேல் போனால் சிறுவர்கள் யோசிப்பதை விட்டுவிட்டு அடுக்க ஆரம்பிக்கிறார்கள்.

ஒற்றுக்கு அட்டையே இல்லை. க், ச், த், ப் என்று நான்கு சிறு சீட்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள். ஐ, கு இரண்டுக்கும் அடுத்து வரும் சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்கினால் இடையில் உரிய சீட்டை வைக்க வேண்டும்: புத்தகத்தைத் தேடினான், ஊருக்குப் போனாள். ஆல், ஓடு வந்தால் சீட்டு வேண்டாம்: கையால் தொட்டான், அண்ணனோடு போனாள்.