கண்ணாடி, மிஷின், டேப்: உடம்புக் கொழுப்பை எதை வைத்துக் கணிப்பது?

ஜிம்மில் சேர்ந்த கையோடு “எனக்கு எத்தனை பர்சன்ட் கொழுப்பு இருக்கும்?” என்று கேட்பது தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கமும் வழக்கமாகிவிட்டது. நல்ல கேள்விதான். ஒருவரின் எடையில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்பதைப் பொறுத்துத்தான் தோற்றமும் ஆரோக்கியமும் அமைகின்றன. அளக்கும் வழியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். படம், பிஎம்ஐ, கொழுப்பு காட்டும் எடை மிஷின், காலிப்பர், டெக்சா ஸ்கேன், டேப் என்று வழிகள் இருக்கின்றன. என் ஓட்டு டேப்புக்கு. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் படம். 10, 15, 20, 25, 30 என்று உடம்புகள் வரிசையாக நிற்கும் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு அதில் தன்னைத் தேடாத ஜிம் பையன் குறைவு. தோராயமாக அது பொய்யில்லை. ஆண்களுக்கு 10–12 சதவீதத்தில் வயிற்றுக் கட்டு தெளிவாகத் தெரியும், 15-ல் லேசாகத் தெரியும், 20 தாண்டினால் மறைந்துவிடும், 25-க்கு மேல் பெரும்பாலும் தொப்பை. பெண்களுக்கான எண்களே வேறு. உடல் இயங்கக் கட்டாயம் தேவைப்படும் கொழுப்பு ஆணுக்கு 2–5 சதவீதம், பெண்ணுக்கு 10–13. ஆண்களின் படத்தைப் பார்த்துப் பட்டினி கிடக்கும் பெண்ணுக்கு மாதவிலக்கே நின்றுபோகலாம்.

படம் கோட்டைவிடும் இடம் தசை. ஒரே உயரமுள்ள இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஓசூர் கம்பெனியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் 55 கிலோ ஆள். இன்னொருவர் மாங்காய் மண்டியில் கிரேட் தூக்கி உரமேறிய 70 கிலோ ஆள். இருவருக்கும் 18 சதவீதம் என்று வைப்போம். முதலாமவரிடம் கொழுப்பு போக 45 கிலோ இருக்கிறது, இரண்டாமவரிடம் 57 கிலோ. சட்டையைக் கழற்றினால் ஒருவர் சப்பையாக, மெல்லிய கையும் சின்னத் தொப்பையுமாக இருப்பார். மற்றவர் திடமாக இருப்பார். கொழுப்பு வயிற்றில் சேருமா, தொடையில் சேருமா என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் படத்தை வைத்து எண் சொல்வது குத்துமதிப்புதான்.

பிஎம்ஐ என்பது கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பது. கொழுப்பை அது பார்ப்பதே இல்லை. 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் புனே மருத்துவர் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் யூட்கினும் தங்கள் சொந்த உடம்பையே ஒப்பிட்டுக் காட்டினார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. கொழுப்போ யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். நம்மவர்களுக்கு மெலிந்த கை கால்களோடே கொழுப்பு கூடுதலாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிட எளிய சாட்சி வேண்டாம். இந்தியர்களுக்குக் கூடுதல் எடையின் பிஎம்ஐ எல்லையை 25-லிருந்து 23-க்கு இறக்கியதும் நம் உடம்பின் இந்த வாகை ஒட்டித்தான்.

கொழுப்பு சதவீதம் காட்டும் எடை மிஷின் வீடுகளுக்கும் வந்துவிட்டது. பாதம் வழியாக மிக லேசான மின்சாரத்தை அனுப்பி, உடம்பு எவ்வளவு தடுக்கிறது என்று பார்த்துக் கணக்குப் போடுகிறது. தசையில் நீர் அதிகம், மின்சாரம் சுலபமாகப் போகும், கொழுப்பில் போகாது. பாதம் மட்டும் வைக்கும் மிஷினில் மின்சாரம் பெரும்பாலும் ஒரு காலில் ஏறி மறு காலில் இறங்கிவிடும், வயிற்றுப் பகுதி ஊகம்தான். சித்திரை வெயிலில் அலைந்து, தண்ணீர் வற்றிப்போய் ஏறி நின்றால் கொழுப்பு கூடியதாகவே காட்டும். வாங்கிவிட்டீர்களா? சரி, தூக்கிப் போட வேண்டாம். காலையில் எழுந்து, கழிவறை போய்வந்து, எதுவும் சாப்பிடாமல், எப்போதும் அதே நேரத்தில் ஏறுங்கள். எண்ணை நம்பாமல் அது போகும் திசையை மட்டும் பாருங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் ஏறவே கூடாது.

காலிப்பர் தோலைக் கிள்ளி அதன் தடிப்பை அளக்கும். பழகிய கை வேண்டும். கிள்ளுபவர் மாறினால் எண்ணும் மாறும். உள்ளுறுப்புகளைச் சுற்றிய கொழுப்பு அதற்கு எட்டாது.

டெக்சா இவற்றில் துல்லியமானது. எலும்பு அடர்த்தி பார்க்கும் அதே ஸ்கேன். இரண்டு விதமான எக்ஸ்ரேயால் எலும்பு, தசை, கொழுப்பு மூன்றையும் பிரித்து, கை கால் வயிறு என்று தனித்தனியாகச் சொல்லும். முழு உடம்புக்கு எடுக்க பெங்களூரு இருக்கிறது, கிருஷ்ணகிரியிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர். போட்டிக்குத் தயாராகிறவருக்கு அந்தச் செலவு தகும், மற்றவருக்குத் தேவையில்லை. கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும்.

இனி டேப். தையல்காரர் டேப்பே போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டு, வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். பேன்ட் சைஸை நம்ப முடியாது. தொப்பைக்குக் கீழே பேன்ட் போடுகிறவர் சைஸ் 34 என்பார், டேப் 38 காட்டும். இந்திய ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை. இடுப்புச் சுற்றளவு, ஆளின் உயரத்தில் பாதிக்குள் இருப்பதும் நல்லது. நமக்கு ஆபத்தான கொழுப்பு தங்குமிடம் வயிறு என்பதால், சதவீதம் தெரியாமலே தேவையானதை டேப் சொல்லிவிடுகிறது.

தோற்றத்துக்கும் அது பொருந்தும். 70 கிலோ, 25 சதவீதம் உள்ளவரிடம் கொழுப்பு 17.5 கிலோ. தசை போகாமல் 6 கிலோ குறைத்தால் 64 கிலோவில் ஏறக்குறைய 18 சதவீதத்துக்கு வருவார். அதே 6 கிலோவைப் பட்டினியால் குறைத்து அதில் இரண்டரை கிலோ தசையையும் இழந்தால் 22 சதவீதத்துக்கு அருகில்தான் நிற்பார். எடை மிஷினில் இருவரும் ஒன்றே. இடுப்பிலும் தோளிலும் வித்தியாசம் தெரியும். களியைக் குறைப்பதோடு நிறுத்தாமல் கொள்ளு, பயறு, முட்டை என்று புரதம் சேர்த்து எடை தூக்கச் சொல்வது இதனால்தான்.

டேப் எல்லையைத் தாண்டினால் கண்ணாடியை விட்டுவிட்டு சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் பாருங்கள், ஆள் ஒல்லியாகத் தெரிந்தாலும் சரி. வீடு தேடி வந்து இவற்றைப் பார்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற தமிழக அரசுத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான். ஊருக்கு ஊழியர் வரும்போது நீங்களும் கையை நீட்டுங்கள்.